சிப்லி இசை நூலகம்: ஏடும் எழுத்தும் ஒரு பெண்மணியும்

இசை நூலகம் என்னும் தொடரே நம்மவர் செவிக்குச் சற்று விந்தையாக ஒலிக்கும். இசையை நாம் ஆசிரியரின் வாய்மொழியாகக் கற்றோம். கோயிலிலும் திருமண வீட்டிலும் வானொலியிலும் கேட்டோம். ஏட்டைத் தேடிச் சென்று இசையைப் படிக்கும் வழக்கம் நம்மிடம் குறைவு. ஆயினும் ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள உறவையே வாழ்நாள் தொழிலாகக் கொண்ட எனக்கு, ஒலியை எழுத்தாக்கிச் சேமிக்கும் ஓரிடம் எவ்வாறு இயங்குகிறது என்று அறியும் ஆவல் நெடுநாளாக உண்டு. அதற்கென நான் எடுத்துக்கொண்டது அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ராச்செஸ்டர் நகரில் உள்ள சிப்லி இசை நூலகம். ஈஸ்ட்மன் இசைப்பள்ளியின் நூலகமான இது ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. வட அமெரிக்கக் கல்வி நிலையங்களின் இசை நூலகங்களுள் மிகப் பெரியது இதுவே என்பர்.

இதனைத் தேர்ந்ததற்கு அதன் அளவு காரணமன்று. அதன் வரலாற்றின் நடுவே ஒரு பெயர் வருகிறது. இந்த வட்டாரத்தில் பிறந்து வளர்ந்த எவரும் அப்பெயரை முதன்முறை காணும்போது ஒரு நொடி தயங்குவர். அதனைப் பின்னர்ச் சொல்கிறேன்.

நூலகம் 1904ஆம் ஆண்டு தோன்றியது. ஹைரம் சிப்லி என்பார் வெஸ்டர்ன் யூனியன் தந்தி நிறுவனத்தின் முதல் தலைவர், பெருஞ்செல்வர். அவருடைய மகன் ஹைரம் வாட்சன் சிப்லி இசைப்பித்தர். நகரின் இசையாளர் எல்பர்ட் நியூட்டன் என்பவரின் தூண்டுதலால் அவர் இசை நூல்களையும் இசைப்பிரதிகளையும் வாங்கிப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தார். ராச்செஸ்டர் நகர மக்கள் அனைவருக்கும் அவை பயன்பட வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அப்போது பல்கலைக்கழகத்தில் இசைப்பள்ளி இல்லை. பள்ளி வருவதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே நூலகம் வந்துவிட்டது. பள்ளியைக் கட்டிவிட்டு நூலகத்துக்கு ஒரு மூலையைத் தேடுவதுதான் உலக வழக்கம். இங்கு முறை தலைகீழாயிற்று.

1904 என்ற ஆண்டைக் கடந்து செல்லுமுன் இரண்டு செய்திகளைக் கூற வேண்டும். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இசைப்பிரிவுத் தலைவர் ஆஸ்கர் சொன்னெக் தாம் வகுத்த இசைநூற் பகுப்புமுறையை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். அம்முறையில் இசைநூல்கள் மூன்று பெரும்பிரிவாகின்றன. இசைப்பிரதிகள் ‘எம்’ என்ற எழுத்தின் கீழும், இசையைப் பற்றிய எழுத்துகள் ‘எம்எல்’ என்பதன் கீழும், இசையைக் கற்பிக்கும் நூல்கள் ‘எம்டி’ என்பதன் கீழும் வரும். இலக்கியம் ஒருபுறம், இலக்கியத்தைப் பற்றிய ஆய்வு ஒருபுறம், அதனைப் பயிற்றும் நூல் ஒருபுறம் என்று நாம் பிரிப்பதை ஒத்தது இது. இன்றும் பல இசை நூலகங்கள் இம்முறையைக் கையாள்கின்றன.

மற்றொன்று நம் பக்கத்துச் செய்தி. சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ எட்டயபுரத்தில் தெலுங்கில் அச்சேறியதும் 1904இல்தான். கமகங்களைக் காட்டுவதற்கென்றே அந்நூலில் தனிக்குறிகள் வகுக்கப்பட்டன. தம் குடும்பத்தில் காத்துவந்த இசைச்செல்வத்தை வெளியிடுமாறு தீட்சிதரைத் தூண்டியவர்களுள் ஒருவர் சென்னையைச் சேர்ந்த சின்னசாமி முதலியார். கீர்த்தனைகளை மேலைநாட்டு ஐந்துகோட்டுக் குறிமுறையில் எழுதி 1890களில் அச்சிட்டவர். வாய்மொழியாக வந்ததை ஏட்டில் ஏற்றாவிட்டால் அது அழியும் என்ற அச்சம் அக்காலத்தில் பல நாடுகளில் இருந்தது. ராச்செஸ்டரில் ஒரு செல்வர் பணத்தைக் கொடுத்தார். எட்டயபுரத்தில் ஒரு சமஸ்தானம் கொடுத்தது. இந்த ஒப்புமையை இதற்குமேல் நீட்ட எனக்கு விருப்பமில்லை.

கோடக் நிறுவனத்தை நிறுவிய ஜார்ஜ் ஈஸ்ட்மனின் கொடையால் 1921இல் இசைப்பள்ளி திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே சிப்லி நூலகம் அப்பள்ளிக்குள் இடம்பெயர்ந்தது. பாஸ்டன் பொது நூலகத்தின் இசைப்பகுதியில் பணியாற்றிய பார்பரா டங்கன் என்னும் அம்மையார் நூலகராக வந்து சேர்ந்தார். அவர் காலத்தில்தான் சிப்லியின் பணம் ஐரோப்பியப் பழஞ்சுவடிகளாக மாறியது. முதல் உலகப்போருக்குப் பின் ஐரோப்பாவில் மடங்களும் பழங்குடும்பங்களும் தம் உடைமைகளை விற்கும் நிலையில் இருந்தன. ஒரு நாட்டின் வறுமை இன்னொரு நாட்டின் நூலகம் ஆவது வரலாற்றில் புதிதன்று. அவ்வாறு விற்கப்பட்ட ஏடுகள் எரியாமல் பிழைத்தன என்பதும் உண்மையே.

அங்ஙனம் வந்த சுவடிகளுள் ஒன்று என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது. ஆஸ்திரியாவின் அட்மோன்ட் மடத்திலிருந்து வந்த இலத்தீன் இசை இலக்கணத் தொகுப்பு அது. 11ஆம் நூற்றாண்டில் ரைஷனாவ் மடத்தில் வாழ்ந்த ஹெர்மானுஸ் என்ற துறவியின் ‘இசை’ என்னும் நூல் அதில் உள்ளது. இச்சுவடியைக் கொண்டு 1936இல் லெனர்ட் எலின்வுட் என்ற அறிஞர் அந்நூலைப் பதிப்பித்து, ஈஸ்ட்மன் இசைப்பள்ளியின் வெளியீடாகவே கொண்டுவந்தார். ஹெர்மானுஸ் நடக்கவியலாதவர், பேச்சும் அவருக்கு அரிதாகவே வாய்த்தது என்பர். அவர் வானியல், கணிதம், இசை மூன்றிலும் நூல் செய்தார், 1054இல் மறைந்தார்.

அவர் வகுத்த இசைக்குறிமுறை மொழியியலார்க்கு விருந்து. நாம் ச, ரி, க, ம என்று எழுதும்போது ஒவ்வோர் எழுத்தும் ஒரு சுரத்தின் இடத்தைக் குறிக்கிறது. ஹெர்மானுஸ் இடத்தைக் குறிக்கவில்லை; ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு உள்ள தொலைவைக் குறித்தார். அதே சுரம் மீண்டும் வந்தால் ஓர் எழுத்து. அரைச்சுரம் ஏறினால் வேறோர் எழுத்து. முழுச்சுரம் ஏறினால் இன்னோர் எழுத்து. எழுத்தின் கீழ் ஒரு புள்ளி இட்டால் இறங்க வேண்டும் என்று பொருள். ஒலிக்குத் தனக்கென மதிப்பில்லை, பிற ஒலிகளோடு அதற்குள்ள வேறுபாடே மதிப்பு என்று 20ஆம் நூற்றாண்டில் சொசூர் சொன்னதை எங்கள் வகுப்புகளில் பல்லாண்டு விளக்கியிருக்கிறேன். 11ஆம் நூற்றாண்டில் ஒரு துறவி அதே நோக்கில் ஓர் எழுத்துமுறையையே அமைத்துவிட்டார். ஆனால் அது நிலைக்கவில்லை. காரணம் எளிது: படி எடுப்பவர் ஓரிடத்தில் ஓர் எழுத்தைப் பிழையாக எழுதினால், அதன்பின் வரும் பாட்டு முழுவதும் இடம்பெயர்ந்துவிடும். கோட்டின்மேல் புள்ளி வைக்கும் முறையில் ஒரு புள்ளி பிழைத்தால் ஒரு சுரம் மட்டுமே பிழைக்கும். கோட்பாட்டில் சிறந்ததைவிடக் கைப்பிழையைத் தாங்குவதே எழுத்துமுறையாக வாழும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

நூலகத்தின் மற்றொரு புகழ்பெற்ற உடைமை டெபுசியின் ‘லா மெர்’, அதாவது ‘கடல்’, என்னும் படைப்பின் சுருக்கப்பிரதி. அவருடைய கையெழுத்தில் உள்ளது. பெருங்குழுவுக்குரிய இசையை முழுமையாக விரித்தெழுதுமுன், சில கோட்டுத்தொகுதிகளில் அடக்கி எழுதிப் பார்க்கும் படிநிலை அது. அச்சான நூலில் காணவியலாத தயக்கங்களும் அடித்தல்களும் இத்தகைய ஏட்டில்தான் தெரியும். 1937இல் நூலகத்திற்கெனத் தனிக்கட்டடம் எழுந்தது. இசை நூலகத்துக்கென்றே அமெரிக்காவில் கட்டப்பட்ட முதற்கட்டடம் என்று அதனைக் குறிப்பிடுவர்.

இனி, நான் முன்னர்க் குறித்த பெயர். டங்கன் அம்மையார் 1947இல் ஓய்வு பெற்றபின் நூலகத்தின் தலைவராகப் பொறுப்பேற்று, 1984 வரை முப்பத்தேழு ஆண்டுகள் அதனை நடத்தியவர் ரூத் வத்தானபே.

ஜப்பானியப் பெயர். என் பெரியதந்தையார் ஜொகூரில் ஒரு தோட்டத்திலிருந்து சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டவர், திரும்பவில்லை. எங்கள் வீட்டில் ‘ஜப்பான்காரன் காலம்’ என்றால் பாட்டி பேச்சை நிறுத்திவிடுவார். அத்தகைய வீட்டில் வளர்ந்த நான், போர் முடிந்து இரண்டே ஆண்டில் ஓர் அமெரிக்க நூலகத்தின் தலைமைப் பொறுப்பில் இப்பெயரைக் கண்டதும் வியந்தேன் என்பதை மறைக்க மாட்டேன். எனது வியப்பு எவ்வளவு பிழையான இடத்திலிருந்து பிறந்தது என்பது அவருடைய வரலாற்றைப் படித்தபின் விளங்கியது.

ரூத் வத்தானபே 1916இல் லாஸ் ஏஞ்சலிசில் பிறந்த அமெரிக்கர். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பியானோவும் ஆங்கில இலக்கியமும் பயின்று பட்டங்கள் பெற்றவர். 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. நான்கு நாள் கழித்து, பிப்ரவரி 19 அன்று, அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் ஓர் ஆணையில் கையொப்பமிட்டார். அவ்வாணையின் விளைவாக மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் பிறப்பால் அமெரிக்கக் குடிமக்கள். லாஸ் ஏஞ்சலிசுக்கு அருகே சாண்டா அனிட்டா குதிரைப் பந்தயத்திடல் ஒரு முகாமாயிற்று. ஒரு கட்டத்தில் 18,000க்கும் மேற்பட்டோர் அங்கிருந்தனர். குதிரை லாயங்களைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்துக் குடும்பங்களைக் குடியமர்த்தினர். வத்தானபே அம்முகாமில் இருந்தார்.

இங்கு நம் வீடுகளில் ஜப்பானியப் படையின் பெயரால் நேர்ந்தது ஒன்று. அங்கு ஜப்பானியப் பெயர் இருந்ததால் நேர்ந்தது வேறொன்று. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க நான் முனையவில்லை. ஆயினும் இரண்டும் ஒரே வாரத்தில் தொடங்கியவை. பெயரைக் கண்டு தயங்கிய நான், அவரை லாயத்தில் அடைத்தவர்களின் கணக்கையே ஒரு நொடி என் மனத்திலும் போட்டிருக்கிறேன்.

நாட்டின் உட்பகுதிக் கல்லூரிகளில் இடம் பெற்ற மாணவர்கள் முகாமைவிட்டுச் செல்ல ஒரு வழி இருந்தது. ஹோவர்ட் ஹான்சன் என்னும் இசையமைப்பாளர் அப்போது ஈஸ்ட்மன் பள்ளியின் இயக்குநர். அப்பள்ளி வத்தானபேயை ஏற்றது. 1942இலேயே ராச்செஸ்டர் சென்றவர், படிப்போடு நூலகத்தில் பகுதிநேர வேலையும் பார்த்தார். ஐந்தாண்டுகளில் தலைமை நூலகர் ஆனார். அதன்பின் 1952இல்தான் முனைவர் பட்டம் பெற்றார். 16ஆம் நூற்றாண்டு இத்தாலியப் பாடல்நூல்கள் ஐந்தைப் பற்றியது அவ்வாய்வு. 1967இல் இசை ஆராய்ச்சிக்கு ஓர் அறிமுகநூல் எழுதினார். அமெரிக்க இசை நூலகச் சங்கத்தின் தலைவராகவும் விளங்கினார். 2005இல் மறைந்தார். டெபுசியின் கையெழுத்துப்பிரதியும் ஹெர்மானுசின் சுவடியும் இன்று இருக்கும் அரும்பொருட் பிரிவு அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இத்தகைய நூலகத்தில் அன்றாடம் என்ன நடக்கிறது என்பதையும் கூற வேண்டும். பொது நூலகத்தில் ஒரு நூலுக்கு ஒரு வாசகர் போதும். இசை நூலகத்தில் நால்வர் சேர்ந்து இசைக்கும் படைப்பை ஒருவர் இரவல் கேட்டால், நான்கு கருவிகளுக்கும் தனித்தனிப் பிரதிகள் வேண்டும். ஒன்று தொலைந்தாலும் மற்ற மூன்றும் வீண். ஆகவே அவற்றை ஓர் உறைக்குள் இட்டு, எத்தனை பிரதிகள் என்று மேலே குறித்து, இரவல் கொடுக்கும்போதும் திரும்ப வாங்கும்போதும் எண்ணிப் பார்க்கிறார்கள். தனிப்பாட்டு நான்கு பக்கத் தாளாக இருக்கும். அலமாரியில் நிறுத்த முதுகு கிடையாது. கட்டடம் செய்தால் தாங்கியின்மேல் விரித்து வைத்ததும் தானாக மூடிக்கொள்ளக் கூடாது; இரு கையும் கருவியில் இருக்கும்போது ஏட்டை யார் பிடிப்பது? பாடகர் ஒருவர் வந்து, இதே பாட்டு இன்னும் இரண்டு சுரம் தாழ்ந்த நிலையில் அச்சாகியிருக்கிறதா என்று கேட்பார். அதற்கும் விடை சொல்ல வேண்டும்.

இவற்றையெல்லாம்விடக் கடினமானது பெயரிடுதல். பேத்தோவனின் ஒரு பியானோப் படைப்பை உலகம் ‘நிலவொளி’ என்று அழைக்கிறது. அது அவர் இட்ட பெயரன்று. சைகோவ்ஸ்கியின் ‘நட்கிராக்கர்’ ருசியம், பிரெஞ்சு, ஜெர்மன், ஆங்கிலம் என நான்கு மொழிகளில் நான்கு தலைப்புகளுடன் அச்சாகியிருக்கும்; ஆசிரியர் பெயரின் எழுத்துப்பெயர்ப்பும் பதிப்புக்குப் பதிப்பு மாறும். தேடுபவர் ஒரு பெயரைத் தட்டினால் அனைத்தும் ஓரிடத்தில் கிடைக்க வேண்டுமே! அதற்காக நூலகர்கள் ஒவ்வொரு படைப்புக்கும் ஒரு பொதுத்தலைப்பை வகுத்து, மற்ற பெயர்களையெல்லாம் அதனோடு பிணைத்தனர். ‘நிலவொளி’க்குப் பட்டியலில் உரிய இடம், பியானோ சொனாட்டா, எண் 14, படைப்பு 27, எண் 2 என்பதாகும். கவிதை போய்விட்டதே என்று வருந்துவோர் உண்டு, தேடியது கிடைக்கும். தியாகையர், தியாகராஜர், தியாகராஜ சுவாமிகள் என்ற மூன்று பெயருக்குக் கீழ் மூன்று இடங்களில் சிதறிக்கிடக்கும் நூல்களை நம் பட்டியல்களில் தேடி அலைந்தவர்கள் இதன் அருமையை அறிவார்கள்.

காலம் கணிப்பது இன்னொரு சிக்கல். பழைய இசைப்பதிப்பாளர்கள் தம் வெளியீடுகளில் ஆண்டை அச்சிடுவதைத் தவிர்த்தனர். பழையது என்று தெரிந்தால் விற்காது என்ற வணிக நுட்பமே காரணம். ஆனால் இசையை உலோகத்தகட்டில் செதுக்கி அச்சிடுபவர்கள், தகடுகள் கலந்துவிடாமலிருக்கப் பக்கத்தின் அடியில் ஓர் எண்ணைப் பொறித்தனர். அந்த எண்களை வரிசைப்படுத்தினால் எந்த ஆண்டில் எந்த எண் என்று கணிக்கலாம். ஆட்டோ எரிக் டாய்ச் என்னும் அறிஞர் 1946இல் இத்தகைய எண்களின் பட்டியலை நூலாக வெளியிட்டார். மறைப்பதற்காக ஆண்டை நீக்கியவர்களே, அறியாமல் அதற்கான திறவுகோலையும் அச்சிட்டுத் தந்திருக்கிறார்கள்.

சிப்லி நூலகம் 1989இல் இசைப்பள்ளியின் எதிரே எழுந்த புதுக்கட்டடத்திற்கு மாறியது. நூல்கள், இசைப்பிரதிகள், ஒலிப்பதிவுகள் என ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டவை அங்கு உள்ளன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் மரக்கூழில் செய்த தாள்கள் அமிலத்தால் பழுப்பேறி நொறுங்குவதால், பதிப்புரிமைக் காலம் கடந்த ஆயிரக்கணக்கான பிரதிகளை மின்படிகளாக்கி எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளுமாறு அந்நூலகம் வெளியிட்டிருக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி 1923க்கு முன் வெளிவந்தவையே இருபது ஆண்டுக்காலம் அவ்வகையில் எல்லையாக இருந்தன. 2019 முதல் ஆண்டுதோறும் எல்லை ஓராண்டு நகர்கிறது. ராச்செஸ்டர் நகர மக்களுக்கென்று சிப்லி கொடுத்தது இவ்வாறு சிங்கப்பூரில் உள்ள ஒரு மாணவரின் கைக்கும் எட்டுகிறது.

இவ்வுரையை எழுதிக்கொண்டிருந்தபோது என் மேசைமேல் ஒரு பழைய நோட்டுப்புத்தகம் இருந்தது. இங்குள்ள ஒரு கோயிலிலும் பஜனைக் குழுக்களிலும் ஆர்மோனியம் வாசித்த பெரியவர் ஒருவருடையது. அவர் காலமானதும், இத்தகைய நோட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தவற்றைப் பழைய தாள் வாங்குபவரிடம் போட்டுவிட்டார்கள். வீடு மாறும் அவசரம். யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஒன்று மட்டும் எப்படியோ தப்பி என்னிடம் வந்தது. பாட்டின் சொற்களுக்கு மேலே நுண்ணிய எழுத்தில் சுரங்கள். சில இடங்களில் எனக்குப் பிடிபடாத அவருடைய சொந்தக் குறிகள்.

சிப்லி நூலகரின் இடத்தில் என்னை வைத்து, இதற்குப் பட்டியல் எழுதிப் பார்த்தேன். தலைப்பு இல்லை, முதற்பாட்டின் பெயரைக் கொண்டேன். ஆசிரியர் பெயர் இல்லை; உள்ளட்டையில் ஒரு முன்னெழுத்து மட்டும் இருக்கிறது. ஆண்டு இல்லை. பின்னட்டையைப் புரட்டினேன். நோட்டு விற்ற எழுதுபொருள் கடையின் ரப்பர் முத்திரை மங்கலாகத் தெரிந்தது: சிராங்கூன் சாலை, சிங்கப்பூர் 8. வட்டார எண் இங்கு 1950இல் வந்தது. 1979இல் நான்கிலக்கக் குறியீடு அதன் இடத்தைப் பிடித்தது. ஆண்டுக்குரிய கட்டத்தில், நூலகர் வழக்கப்படி சதுர அடைப்புக்குறிக்குள், 1950க்கும் 1979க்கும் இடையே என்று எழுதினேன்.